காலி இடத்தில் ஒரு பூங்கா

"இந்த பார்க்கை நான் ரெண்டு வருஷமா தேடிக்கிட்டிருக்கேம்மா."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தொலைந்துபோன குடையை வேறொருவர் கையில் பார்த்துவிட்டவர் போலச் சொன்னார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. என் பையிலிருந்து வெளியே வந்த ரோஸ் நிற நோட்டீஸை மேசைமேல் விரித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

நோட்டீஸின் நடுவில் ஒரு பூங்கா. பூங்காவின் நடுவில் ஒரு நீரூற்று. அதைச் சுற்றி நான்கு சிமென்ட் பெஞ்சு, ஆறு தென்னை மரம், இரண்டு வாத்து.

"எங்கம்மா இருக்கு இது?"

அவருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மாள் இருந்தார். வடக்கே இருந்து வந்தவர், தமிழ் தெரியாது. ஆனால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்பது எந்த மொழியிலும் புரிந்துவிடும். அவரும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

அது டிசைன் பட்டப்படிப்புக்கான நேர்முகத் தேர்வு. மெட்ராஸுக்குள்ளே மரங்கள் நிறைந்த ஒரு வளாகத்தில், முதல் மாடி அறை. எனக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. அந்த அறையில் சீட்டு கிடைத்தால் நான்கு வருஷம் படிப்பேன். கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, அப்பாவின் மனை வியாபாரத்துக்கு நோட்டீஸ் வரைந்துகொண்டே இருப்பேன். மூன்றாவதாக ஒரு வழி எனக்குத் தெரியவில்லை.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், அந்தப் பூங்கா எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவர் காத்திருக்கட்டும். இரண்டு வருஷம் தேடியவர், இன்னும் இரண்டு பக்கம் பொறுக்க மாட்டாரா.

என் பெயரில் ஒரு நகர்

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக: எங்கள் ஊர் கூடுவாஞ்சேரிக்கு மேற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டைவிட்டு உள்ளே போகும் செம்மண் பாதையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றவள் நான். இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லலாமே என்றார் பத்திரிகை ஆசிரியர். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

அப்பாவுக்குக் கழனி இருந்தது. நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது பக்கத்துக் கழனிகளில் எல்லாம் வெள்ளையடித்த கல் முளைக்க ஆரம்பித்தது. அடுத்தது எங்கள் கழனி. ஏர் ஓட்டிய அப்பா, கல் நட்டு மனை விற்பவர் ஆனார். சட்டைக்கு இஸ்திரி போடத் தொடங்கினார். அந்த மனைப்பிரிவுக்கு என்ன பெயர் வைப்பது என்று மற்றவர்கள் சாமி பெயராகச் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"மலர் நகர்னு போடு. எம் பொண்ணு பேரு."

நான் மலர்விழி. அப்படித்தான் பதினைந்து வயதில் என் பெயரில் ஒரு நகர் வந்தது. முதல் தெரு, இரண்டாவது தெரு, குறுக்குத் தெரு எல்லாம் இருந்தது. வீடுதான் ஒன்றுகூட இல்லை.

நோட்டீஸ் அடிக்கத் தாம்பரம் போனோம். ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஓர் அச்சகம். சர்வேயர் போட்டுக் கொடுத்த படத்தில் கோடும் எண்ணும்தான் இருந்தன. ஜனங்களுக்கு இது புரியாது, அழகாக வரைந்து கொண்டுவாருங்கள் என்றார் அச்சகக்காரர். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் தவளையின் குடலை நான் வரைந்த அழகை எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது.

வரைந்தேன். எல்லா மனையும் போட்ட பிறகு நடுவில் முக்கோணமாக ஓர் இடம் மிஞ்சியது. பழைய வாய்க்கால் திரும்பும் இடம். கோணல்மாணலாக இருந்ததால் சர்வேயர் அதை மனையில் சேர்க்கவில்லை.

"இன்னாமே, நடுவுல மொட்டையா கீது?" என்றார் அப்பா.

"என்ன போடட்டும்பா?"

"எதுனா போடு. பாக்க குளிர்ச்சியா இருக்கணும்."

குளிர்ச்சி என்று சொன்னதால் நீரூற்று போட்டேன். நீரூற்று இருந்ததால் பெஞ்சு போட்டேன். பெஞ்சில் உட்கார்பவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று யோசித்து வாத்து போட்டேன். மேலே வளைவான எழுத்தில் "மலர் நகர்". கீழே "ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்".

"நடந்து போனா அரை மணி ஆவும்பா."

"நடந்து போனான்னா போட்டுக்கீறோம்?" என்றார் அப்பா.

வேன் வைத்துத் தாம்பரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவார். வேனில் ஏறினால் புளியோதரைப் பொட்டலம் இலவசம். மலர் நகர் பாதிக்குமேல் விற்றுப்போனது. அதற்கப்புறம் அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் என்னிடம் வந்தார்கள். பள்ளிக்கூட நேரம் போக மீதி நேரத்தில் பதினோரு மனைப்பிரிவுகள் வரைந்தேன். பதினொன்றிலும் பூங்கா. வாத்துகள் மட்டும் மலர் நகரோடு சரி. சொந்த ஊருக்கு ஒரு சலுகை.

அவதிப்படுகிறேன்

டிசைன் என்று ஒரு படிப்பு இருப்பதே அச்சகத்து நோட்டீஸ் கட்டைச் சுற்றி வந்த ஆங்கிலப் பேப்பரில்தான் எனக்குத் தெரிந்தது. பொருள்களை, துணிகளை, அச்சில் வருவதை எப்படி அமைப்பது என்று கற்றுத்தருவார்களாம். பட்டமும் உண்டாம். நான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்குப் பட்டம் கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இல்லை. கொடுக்க வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நீங்கள் ஏன் டிசைன் படிக்க விரும்புகிறீர்கள், முந்நூறு சொல்லுக்கு மிகாமல், ஆங்கிலத்தில்.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுத எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, லீவ் லெட்டர். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை, காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் மாறி மாறி எழுதிப் பழகிய கை. தமிழ் மீடியத்தில் படித்த யாரை வேண்டுமானாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று ஆரம்பித்து ஒரு மூச்சில் சொல்லி முடிப்பார்கள்.

தெரியாத ஆங்கிலத்தில் தடுமாறுவதைவிடத் தெரிந்த ஆங்கிலத்தில் நிமிர்ந்து நிற்பது மேல் என்று முடிவு செய்தேன். என் கட்டுரை இப்படித் தொடங்கியது: "ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் டிராயிங் சின்ஸ் மை சைல்ட்ஹுட், ஐ ஹம்பிளி ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மி ஃபோர் இயர்ஸ்."

அதாவது, சிறு வயது முதல் படம் வரைவதால் நான் அவதிப்படுகிறேன், ஆகையால் எனக்கு நான்கு ஆண்டுகள் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நடுவில் அவதியின் விவரங்களை எழுதினேன். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் நிரம்பிவிடுகிறது. கணக்குப் பரீட்சையில் முக்கோணத்துக்கு நிழல் போட்டதால் நேரம் போதவில்லை. கடைசியில் "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" போட்டுக் கையெழுத்திட்டேன். லீவ் லெட்டரில் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் அல்லவா. அப்பாவைக் கூப்பிட்டு அடியில் பெருவிரல் ரேகை வாங்கினேன். என்ன ஏது என்று கேட்காமல் வைத்தார். என்னை நம்பி எத்தனையோ காகிதத்தில் ரேகை வைத்தவர்.

பிற்பாடு கல்லூரித் தோழிகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் புரண்டு புரண்டு சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது. அவர்களுடைய கட்டுரைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

எந்த இலாகா?

கட்டுரையைப் படித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். வரும்போது "போர்ட்ஃபோலியோ" கொண்டுவர வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். தினமும் காலையில் அப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது என் வேலை. மந்திரிசபை மாறும்போதெல்லாம் அச்சகத்திலிருந்து வரும் ஆங்கிலப் பேப்பரில் அந்தச் சொல் இருக்கும். அப்பாவுக்கு நான் படிக்கும் தமிழ்ப் பேப்பரில் இலாகா. இருந்தாலும் பள்ளிக்கூட அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஒன்று, அமைச்சரின் பொறுப்பு. இரண்டு, தாள்கள் வைக்கும் கைப்பெட்டி. வேறொன்றும் இல்லை.

அப்பா கேட்டார், "இன்னா எழுதிக்கீறான்?"

"இலாகாவோட வரச் சொல்றாங்கப்பா."

"படிக்க வர்ற புள்ளைங்களுக்கே இலாகா தர்றானா?" அப்பா கொஞ்சம் யோசித்தார். "பொதுப்பணி கேளு. நம்ம ரோட்டுக்கு ஜல்லி கொட்டிடலாம்."

மந்திரி பதவி இருக்காது என்று எனக்கே தோன்றியதால் இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டேன். தாள்கள் வைக்கும் பெட்டி. எங்கள் வீட்டில் அப்படி ஒன்றுதான் உண்டு. அப்பா பத்திரம் வைக்கும் பழுப்பு நிற ரெக்ஸின் பை. ஜிப்பு பாதி வழியில் நிற்கும், ஊக்கு குத்தி மூடுவோம். என்ன தாள் வைப்பது என்று கடிதத்தில் இல்லை. ஆகவே என் கை பட்ட தாள் எல்லாவற்றையும் வைத்தேன்.

அப்பா ஊக்கைக் குத்திக் கொடுத்தார். "சீட்டு கெடைச்சா அனுப்புவியாப்பா?" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டு அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். சைக்கிள் கேட்டபோது பார்க்கலாம். கோவளத்துக்கு ஸ்கூல் டூர் கேட்டபோது பார்க்கலாம். இரண்டையும் நான் இன்றுவரை பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்குப் படிக்க ஒரு கண், எழுத ஒரு கை, இரண்டும் நான்தான். என்னை அனுப்பிவிட்டால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரைக் கேட்பார்?

அறைக்குத் திரும்புவோம்

காலையில் மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, பஸ் மாறி, அந்த வளாகத்துக்குள் நுழைந்தபோது எனக்கு முன்னால் வந்தவர்கள் பெரிய பெரிய கறுப்பு அட்டைப் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் திறந்து சரிபார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே குதிரை, பூச்சாடி, ஒரு கிழவரின் முகம். எல்லாம் வண்ணத்தில். போர்ட்ஃபோலியோ என்றால் என்ன என்று எனக்கு அந்த நிமிஷத்தில் புரிந்தது. பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். எழுந்து போய்விடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் ஊக்கு குத்திய பையோடு ஓடினாள் என்று ஆகிவிடுமே. உட்கார்ந்தே இருந்தேன்.

என் முறை வந்தது. வெள்ளைப் புடவை அம்மாள் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"ஸோ, யூ ஆர் தி சஃபரிங் கேர்ள்."

"எஸ் மேடம்" என்றேன். உண்மைதானே.

ஊக்கைக் கழற்றி ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் தவளை. அந்த அம்மாளுக்குத் தவளை பிடித்திருந்தது. அடுத்து என் பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகைக்கு நான் போட்ட ஓரக்கொடி. அடுத்ததாக வந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார்.

"இது வில்லங்கச் சான்றிதழ்மா."

அப்பாவுடையது பையின் அடியிலேயே தங்கிவிட்டிருக்கிறது. "வில்லங்கம் எதுவும் இல்ல சார்" என்றேன். வேறென்ன சொல்வது.

அவர் சிரித்தபடி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். அதுதான் ரோஸ் நிற நோட்டீஸ். சிரிப்பு அப்படியே நின்றது.

இங்கேதான் நாம் அவரை விட்டுவிட்டுப் போனோம்.

"எங்கம்மா இருக்கு இது?"

"அப்படி ஒண்ணு இல்ல சார்."

"இல்லேன்னு எனக்கும் தெரியும். நாப்பத்தி மூணாம் நம்பர் மனை என்னோடது. தாம்பரம் ஸ்டேஷன்ல இந்த நோட்டீஸைக் கையில குடுத்தாங்க. என் மனைவி இந்த வாத்தைப் பார்த்துட்டுத்தான் வாங்கலாம்னு சொன்னா. ஒவ்வொரு தடவை போறப்பவும் முள்ளுக்குள்ள நுழைஞ்சு தேடறா. நீ எதுக்கும்மா இதை வரைஞ்சே?"

"அந்த இடம் காலியா இருந்துச்சு சார்."

அவர் இதை ஆங்கிலத்தில் அந்த அம்மாளுக்குச் சொன்னார். அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எனக்குக் காது சூடானது. வாழ்க்கையில் அதுவரை என் படத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. "சரி, பார்க் போகட்டும். அடுத்த வருஷம் வீடு கட்டலாம்னு இருக்கேன். மழை பெய்ஞ்சா அங்க தண்ணி நிக்குமா? அந்தச் சான்றிதழ்ல பேரு இருக்கே, அவர்தானே உங்க அப்பா? அவரைக் கேட்டா ஒரு சொட்டு நிக்காதுங்கறார்."

அப்பா அப்படித்தான் சொல்வார். எனக்குத் தெரியும், ஏனென்றால் நோட்டீஸில் "மேட்டு நிலம்" என்று எழுதியதும் நான்தான்.

முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்றுவரை நான்கு மனை இன்னும் விற்கவில்லை. நான்கும் பள்ளம். ஒரு மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும். இவரிடம் சொன்னால் இவர் நான்கு பேரிடம் சொல்வார். சொல்லாவிட்டால், நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும் இந்த மனிதரிடம் இரண்டாம் தடவையாகப் பொய் சொன்னவள் ஆவேன். முதல் தடவை வாத்தை வைத்துச் சொன்னேன். அப்போது அவர் எதிரில் இல்லை.

"உங்க மனையில நிக்காது சார்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பக்கத்துல முப்பத்தெட்டுலேர்ந்து நாப்பத்தொண்ணுவரைக்கும் நிக்கும்."

"எப்படி இவ்வளவு சரியாச் சொல்றே?"

"எங்கம்மா அங்க நாத்து நட்டவங்க சார்."

"வரைஞ்சு காட்டு."

நோட்டீஸைத் திருப்பிப் போட்டேன். அவர் பையிலிருந்த மூன்று பேனாவில் ஒன்றைக் கொடுத்தார். ஏரிக்கரையைப் போட்டேன். மதகைப் போட்டேன். மதகிலிருந்து வாய்க்கால் வந்து அந்த முக்கோணத்தில் திரும்புகிறது. திரும்புமிடத்தில் மண் மேவிவிட்டதால் தண்ணீர் தாண்டிப்போகாமல் இடதுபக்கம் இறங்கும், அந்தப் பள்ளத்தை நிழல் போட்டுக் காட்டினேன். நாற்பத்து மூன்று மட்டும் பழைய களத்துமேடு. அறுப்பு நாளில் நெல் காயவைத்த இடம். அதனால் உயரம். அங்கே நின்ற இரட்டைப் பனையைப் போட்டேன். பம்ப்செட் கொட்டகையைப் போட்டேன். எந்த மாதம் தண்ணீர் எதுவரை வரும் என்று கோடு கோடாகப் போட்டேன். சிரித்ததையோ, சீட்டையோ, அப்பாவையோ அப்போது நான் நினைக்கவில்லை. அதுதான் என் அவதி என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தேனே.

நிமிர்ந்தபோது அந்த அம்மாள் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தைப் பார்த்தார். இதை ஏன் அச்சடிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

லீவ் லெட்டரில் இதற்குப் பதில் இல்லை. சொந்தமாகத்தான் சொல்லவேண்டியிருந்தது.

"மேடம், திஸ் இஸ் ட்ரூ, நோ சேல். தட் இஸ் ஃபால்ஸ், ஃபுல் சேல்."

இந்தத் தடவை அவர் வாயைப் பொத்தவில்லை. நோட்டீஸை எடுத்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். "தேங்க் யூ" என்றார். ஒல்லி சார் வாசல்வரை வந்தார்.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமாம்மா? வீட்டுல காட்டணும்."

நான்கு மனை

தாம்பரம் வரை உட்கார இடம் கிடைத்தது. கூடுவாஞ்சேரியில் இறங்கி, வழக்கமாக எடுக்கும் அரை மணியைவிட மெதுவாக நடந்தேன். சொல்லாமல் இருந்துவிடலாம். அந்த சார் அப்பாவிடம் போய்ச் சொல்லும்போது சொல்லட்டும். ஆனால் ஒருவருக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. "நாலு மனையையும் சொல்லிட்டியா?"

"ஆமாம்பா."

"படம் வேற போட்டுக் குடுத்துட்டே."

"ஆமாம்பா."

"உன்ன இன்னாத்துக்குப் படிக்க வச்சேன் நானு?"

அம்மா குழம்புச் சட்டியோடு வந்தாள். "அவ இன்னா பொய்யா சொல்லிட்டா? நாத்து நட எறங்குனா என் முட்டிவரைக்கும் முழுங்கற எடம். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊருல கீற மாட்டுக்கெல்லாம் தெரியும். வாங்கற ஆளுக்கு மட்டும் தெரியக்கூடாதா?"

"நீ கம்முனு இரு. யாவாரம் தெரியாதவங்களுக்கு நடுவுல மாட்டிக்கினேன். ஒரே பேஜார்."

"தெரிஞ்ச லட்சணம்தான் பாக்கறேனே" என்று ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள் அம்மா. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள்.

அதற்கப்புறம் அப்பா என்னிடம் பேசவில்லை. கோபத்தில் பேப்பர் படித்துக் காட்டச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். தானே விரித்துவைத்துப் படங்களைப் பார்ப்பார். தேர்தல் நேரம். எல்லாப் படத்திலும் ஒருவர் மைக் முன்னால் கை நீட்டிக்கொண்டிருந்தார். நாட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பத்து நாள் கழித்தார் மனிதர். நான் நடுத்தாளை மட்டும் உருவிக்கொண்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து, சத்தமாக, எனக்கு நானே படித்துக்கொண்டேன். அப்போது அவர் பேப்பரைப் புரட்டும் சத்தம் நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருப்பார்.

கடிதம் வந்தது. தபால்காரர் அப்பா கையில்தான் கொடுத்தார். எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் நீட்டும் பழக்கத்தில் நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் பேசாமல் இருப்பது நினைவுக்கு வந்தது.

"இன்னாவாம்?" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"சீட்டு கெடைச்சிருச்சுப்பா. ஜூன் மாசம் சேரணும். ஆஸ்டல் உண்டு."

அப்பா கடிதத்தைத் திரும்ப வாங்கி, மேலும் கீழும் பார்த்தார். அதன் முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அது புடைப்பாக இருந்தது.

"பாக்கலாம்" என்றார்.

உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வேண்டாத இடத்தில் வைத்தேன். அழவில்லை. நான் அழுதால் என் பெயரில் இருக்கும் நகருக்கு அவமானம்.

ஞாயிற்றுக்கிழமை

அந்த வாரம் வேனில் ஒன்பது பேர் வந்தார்கள். புளியோதரைப் பொட்டலம் கொடுப்பதும், கேட்பவர்களுக்குப் படத்தைக் காட்டுவதும் என் வேலை. பேச்சில்லாவிட்டாலும் வேலைக்கு அப்பா விடுப்புத் தரவில்லை.

வந்தவர்களில் ஒரு தம்பதி. குரோம்பேட்டையில் வாடகை வீடு என்றார்கள். கணவருக்கு ஏதோ ஆபீஸில் வேலை, மனைவி டீச்சர். இடுப்பில் ஒரு குழந்தை. மற்றவர்கள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கல் கல்லாக எண்ணிப் பார்த்து நடந்தார்கள். கோடைக்காலம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார்.

"இந்த முப்பத்தொன்பது நல்லா இருக்கு சார்" என்றார் கணவர். "கிழக்குப் பார்த்த மனை. பார்க்கும் பக்கத்துலயே வருது."

அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்தார். நான் வேனுக்குப் பக்கத்தில், காது கேட்கும் தூரத்தில் நின்றிருந்தேன். அவருடைய அடுத்த வரி எனக்கு மனப்பாடம். 'ராசியான நம்பர் சார், நேத்துகூட ஒருத்தர் கேட்டுட்டுப் போனாரு.' மற்ற எல்லா ஞாயிறும் அதுதான்.

"முப்பத்தொம்பதா?" என்று இழுத்தார் அப்பா. அந்தக் குழந்தையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். "அது வாணாம் சார். மழை பேஞ்சா தண்ணி நிக்கும். அந்தாண்ட அம்பத்தி ரெண்டைப் பாருங்க. மேடு."

டீச்சர் அம்மா நோட்டீஸை மடித்தார். "என்னங்க இது? விக்கறவரும் நீங்க, வேணாங்கறவரும் நீங்களா?"

"இன்னா பண்றது?" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் குரல் மட்டும் வேன்வரைக்கும் கேட்கிற மாதிரி உயர்ந்தது. "நான் சொல்லாங்காட்டி எம் பொண்ணு படம் போட்டுக் காட்டிடும்மா. ஜூன் மாசம் அதுக்கோசரம்தான் படிக்கப் போவுது."